1,18,000 ஓடிய டீசலா, 41,000 ஓடிய பெட்ரோலா?

கேள்வி: 2024 பிப்ரவரி 11

முதல் கார் வாங்கப் போகிறேன். கையில் நாலு லட்சம், இழுத்துப் பிடித்தால் நாலே கால். திருச்சியில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2014 டீசல், 1,18,000 கிமீ, செகண்ட் ஓனர். இன்னொன்று 2015 பெட்ரோல், 41,000 கிமீ, சிங்கிள் ஓனர், டாக்டர் வைத்திருந்த வண்டியாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. மாதம் 600, 700 கிமீ ஓட்டுவேன், அதில் பாதி அறந்தாங்கி போய் வருவது. ஒரு லட்சம் தாண்டிய வண்டியைத் தொடவே கூடாது என்கிறார் மாமா. கம்பெனி பெயரைப் போட்டால் பேச்சு அடிதடியில் முடியும், அதனால் போடவில்லை. எதை நம்பி எடுக்கலாம்?

பதில்: பிப்ரவரி 11, இரவு 10.40

மாதம் 700 கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு? பெட்ரோலை எடுங்கள். மாமா சொல்வதைக் கேளுங்கள்.

பிப்ரவரி 12, காலை 6.15

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். டீசல் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை. பெட்ரோலை எடுங்கள் என்றதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2015 வண்டி, ஒன்பது வருடத்தில் 41,000. வருடத்துக்கு 4,500, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிமீ. அப்படி ஓடும் வண்டிகள் இல்லாமல் இல்லை. என் சித்தப்பா வண்டி கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். ஆனால் டாக்டர்? நம் ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்கள் வைத்திருந்திருக்கிறார்கள், மீதியை ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கள். மளிகைக்கடைக்காரர் வைத்திருந்த காரை, பழைய கார் விற்கும் எந்த கன்சல்டிங்கிலும் நான் பார்த்ததில்லை.

தம்பி, இந்தப் போட்டோக்களை எடுத்துப் போடுங்கள்: ஸ்டீயரிங், கியர் குமிழ், மூன்று பெடல்களின் ரப்பர், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம், நாலு டயரிலும் ஓவல் கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்.

பிப்ரவரி 14

போட்டோ பார்த்தேன். டயர் எண் 1821 என்று இருக்கிறது. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2021ன் பதினெட்டாவது வாரத்தில் செய்த டயர். 41,000 மட்டுமே ஓடிய வண்டிக்கு 2021லேயே ஏன் புது டயர்? கம்பெனி போட்டுக் கொடுக்கும் டயர் சாதாரணமாகவே நாற்பதாயிரம் தாங்கும். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். கைகழுவுங்கள்.

பிப்ரவரி 14, இரவு

கீழே ஒருவர் என் காதைத் திருகியிருக்கிறார், நியாயமாகத்தான். டயர் தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. ஐந்தாறு வருடத்தில் ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் வெடிப்பு விடும். குறைவாக ஓடி வெயிலில் நிற்கும் வண்டிக்குத்தான் அது சீக்கிரம் வரும். 2015 வண்டிக்கு 2021ல் டயர் மாற்றியிருந்தால் அது பொறுப்பான ஓனர் என்றுகூடச் சொல்லலாம். ஆக டயரை வைத்து நான் சொன்ன தீர்ப்பு செல்லாது.

ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் உறுத்துகிறது. அதில் இருக்க வேண்டிய வரிகள் ஒரு மூலையில் வழித்தெடுத்த மாதிரி மொழுக்கென்று இருக்கின்றன. ஸ்டீயரிங்குக்குப் புது உறை தைத்துப் போட்டிருக்கிறார்கள். உறையைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்க்க முடியுமா?

எளிய வழி ஒன்று உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொன்னால், ஒவ்வொரு முறை வந்தபோதும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பது அவர்கள் கணினியில் இருக்கும். ஓனர் கேட்டால்தான் தருவோம் என்பார்கள். ஓனரைக் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

பிப்ரவரி 17

ஒரு லட்சம் என்ற பயம் பற்றி. மாமா மீது எனக்குக் கோபமில்லை. அவர் பழகிய காலத்து எஞ்சின்கள் அப்படி. அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சின் பிரிப்பது தீபாவளி மாதிரி, தேதி தெரிந்தே வரும்.

என் வண்டியும் டீசல்தான். 2016 ஜூனில், மீட்டர் 92,000 கிமீ காட்டியபோது வாங்கினேன். அன்றைக்கு என்னை ஏமாளி என்றவர்கள் வீட்டிலேயே மூன்று பேர். இன்று காலை மீட்டர் 2,06,000. எஞ்சினைத் திறந்ததில்லை. பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் இருப்பதால் எண்ணிப் பார்த்தேன். 1,24,000 கிமீயில் கிளட்ச் செட், கூலியோடு 14,500. சஸ்பென்ஷனில் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் இரண்டு முறை. ஏசி கூலிங் காயில் ஒன்று, ஆல்டர்னேட்டர் ஒன்று, முன் வீல் பேரிங் இரண்டு. எட்டு வருடம் நெருங்குகிறது, ரிப்பேருக்கு மட்டும் 1,30,000 சொச்சம். ஆயில், டயர், பேட்டரி தனிக் கணக்கு.

இதில் எதுவும் ஒரு லட்சம் தாண்டியதால் வந்ததில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தவணை இருக்கிறது. விற்கிறவர் பெரும்பாலும் அந்தத் தவணைக்கு முந்தின மாதம்தான் விற்கிறார். கிளட்ச் கனமாகிவிட்டது, டயர் மொட்டையாகப் போகிறது, பேட்டரி காலையில் முனகுகிறது. இதையெல்லாம் செய்வதற்குப் பதிலாக வண்டியைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும்போதுதான் விளம்பரம் வருகிறது. எந்த மாடல் நம்பகம் என்று நூறு பேரைக் கேட்பதைவிட, இந்த வண்டி அடுத்த ஒரு வருடத்தில் என்னென்ன கேட்கும் என்று ஒரே ஒரு மெக்கானிக்கைக் கேளுங்கள். கிளட்ச் பதினைந்து, டயர் பதினெட்டு, பேட்டரி ஐந்து, சஸ்பென்ஷன் எட்டு. நாற்பத்தாறாயிரம். அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சொல்ல மாட்டேன். மேலே கேட்ட தம்பிக்கு இருக்கும் புத்தி எனக்கும் உண்டு.

பிப்ரவரி 18

வெள்ளத்தில் நின்ற வண்டி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த வருடம் கட்டாயம் சொல்ல வேண்டும். போன டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் வந்து சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் வண்டிகள் மிதந்தன. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி. இன்சூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று எழுதிய வண்டிகள் எல்லாமே உடைப்புக்குப் போய்விடுவதில்லை. ஏலத்தில் போய், கழுவி, காயவைத்து, சென்ட் அடித்து, வேறு ஊரில் நிற்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த மே மாதம் என் மச்சான் அப்படி ஒன்றை வாங்கினான். டிஎன் 22, மீனம்பாக்கம் ரிஜிஸ்ட்ரேஷன். விலை குறைவு, பெயிண்ட் கண்ணாடி மாதிரி. முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் பின் கண்ணாடி தானாக இறங்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் இறங்கும், வீட்டுக்கு வந்தால் ஏறும். வீட்டில் பேய் என்றார்கள். ஒருநாள் குழந்தையின் கொலுசு சீட்டுக்கடியில் விழுந்துவிட்டது என்று பின் சீட்டைக் கழற்றி, தரை கார்ப்பெட்டைத் தூக்கினோம். அடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரம். அதற்குக் கீழே, கோடையில் ஏரித்தரை வெடித்துக் கிடக்குமே, அந்த மாதிரி பாளம் பாளமாக வண்டல். நடுவில் ஒரு நத்தை ஓடு, சுண்டுவிரல் நகம் அளவு. மச்சான் அதை எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

கொலுசு கடைசியில் குழந்தை காலிலேயே இருந்தது. ஒரு காலில் இரண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் தண்ணீர் நின்ற கறைக் கோடு இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. ஸ்டெப்னிக் குழி. ஹெட்லைட்டுக்கு உள்ளே மண்படலம். ஃபியூஸ் பெட்டியில் வயர் நுனிகளில் பச்சைப் பூப்பு. சென்ட் வாசனை அளவுக்கு மீறி அடித்தால் கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திறங்கள்.

பிப்ரவரி 20

பெட்ரோல் வண்டியின் சர்வீஸ் ரெக்கார்ட் வந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் சர்வீஸில் மீட்டர் 67,000. இப்போது 41,000. டாக்டர் ரிவர்ஸிலேயே கிளினிக் போய் வந்திருக்கிறார்.

நான் டயரைக் காட்டிச் சொன்னது தப்பு, முடிவு மட்டும் சரியாக அமைந்துவிட்டது. இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிப்ரவரி 25

டீசல் தேவையில்லை என்றவன்தான், ஆனாலும் நேற்றும் இன்றும் தம்பியோடு நானே டீசல் வண்டியைப் பார்க்கப் போனேன். அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் என் மெக்கானிக் அண்ணனும் வந்தார்.

நேற்று காலை ஏழு மணி. ஓனர் கேட்டைத் திறந்ததும் அண்ணன் வணக்கம்கூடச் சொல்லாமல் பானட்டில் உள்ளங்கையை வைத்தார். தோசைக்கல் ஆறின சூடு. "காலையிலயே எங்க போயிட்டு வந்தீங்க?" "பால் வாங்க." பால் பூத் எதிரிலேயே இருந்தது. நாளைக்கு வருகிறோம், தொடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். சூடான எஞ்சின் எல்லாப் பொய்யும் சொல்லும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை முதல் ஸ்டார்ட் போடும் அந்த ஐந்து விநாடிதான் உண்மை.

இன்று ஸ்டார்ட் போட்டதும் முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம், மூன்று நாலு விநாடி, பிறகு அடங்கிவிட்டது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின், ஆயில் ஏறும் வரை அடிக்கிறது என்றார் அண்ணன். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அதே வாய் மேல் சும்மா வைத்தார். நல்ல எஞ்சினில் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். இது இட்லிப் பானை மூடி மாதிரி குதித்து ஓரத்தில் சரிந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்றால் ஓனர் மேலே பார்க்கிறார். முதல் ஓனர் காலத்துப் பில் வரிசையாக இருக்கிறது, 79,000 வரை. அதற்குப் பிறகு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வண்டியின் கோளாறு என்று இதைச் சொல்ல மாட்டேன். முப்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் பழைய ஆயிலில் ஓடினால் எந்த எஞ்சினும் இப்படித்தான் ஆகும்.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் அண்ணன் சொன்னார்: 1,18,000 பிரச்சினை இல்லை, அந்தக் கடைசி 39,000தான் பிரச்சினை. டீக்கு அவரே காசு கொடுத்தார். அதிசயம்.

மார்ச் 2

செயினா பெல்ட்டா என்று கேட்டிருக்கிறார்கள். டைமிங் பெல்ட் ரப்பர், கெடு வந்ததும் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், செலவு வண்டி விலையில் பாதி. செயின் எஞ்சினோடு கூட வரும், ஆயிலை ஒழுங்காக மாற்றினால். மாருதியில் ஆல்டோ 800 பெல்ட், கே10 செயின். ஹூண்டாயின் பழைய ஐ10ல் 1.1 பெல்ட், 1.2 கப்பா செயின். மாருதி, டாடா, ஃபியட், செவ்ரோலே என்று நாலு பேர் பெயரிலும் ஓடிய அந்த 1248 சிசி ஃபியட் டீசல் செயின். பெல்ட் என்றால் பயப்பட வேண்டாம், மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் குறையுங்கள்.

கம்பெனி மூடிப்போன வண்டிகள்? ஃபோர்டு 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்ததும் மறைமலை நகர் வண்டிகளின் விலை விழுந்தது. ஓட்டுவதற்கு அருமையான வண்டிகள். பக்கத்தில் அந்த வண்டி தெரிந்த மெக்கானிக் இருந்தால் எடுங்கள். தூரத்து ஊரில் இருந்துகொண்டு ஒரு ஹெட்லைட்டுக்கு மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை.

டெல்லி வண்டி வேண்டவே வேண்டாம். அங்கே டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்று கெடு வைத்ததால் மலிவாகத் தெற்கே அனுப்பினார்கள். அங்கத்து ஆர்டிஓவிடம் ஆட்சேபனையில்லை என்று என்ஓசி வாங்கி, இங்கே வந்து மறுபடி டாக்ஸ் கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு ஆர்டிஓ வாசலிலேயே கரைந்துவிடும். அதே கதைதான் புதுச்சேரி நம்பருக்கும், ஆனால் அலைச்சல் குறைவு.

ஆட்டோமேட்டிக் பற்றிக் கேட்டவருக்கு: 2014ல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி, அதாவது சாதா கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் வகைதான் உங்கள் விலைக்குள் கிடைக்கும். காந்தி மார்க்கெட் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். காலி ரோட்டில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

மார்ச் 10

பேப்பர். இதில்தான் நான் சூடு வாங்கினேன்.

என் முதல் வண்டியை விற்றபோது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. எட்டு மாதம் கழித்து மாட்டுத்தாவணி சிக்னலைத் தாண்டியதற்கு எனக்கு ஃபைன் வந்தது. அன்று நான் வீட்டில் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தேன். ஃபைனோடு போனால் சரி. பெயர் மாறாத வண்டி விபத்தில் மாட்டினால் பதிவுச் சான்றான ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் விற்பவர்களும் சும்மா இருக்கக் கூடாது.

அடுத்த வண்டியை விற்றபோது எல்லாம் முறையாகச் செய்தேன், ஃபாஸ்டேக்கை மட்டும் கண்ணாடியில் விட்டுவிட்டேன். மூன்று மாதம் சமயபுரம் டோலில் அந்த மனிதர் என் செலவில் போய் வந்தார். ஆடி வெள்ளி ஒன்றையும் விடவில்லை.

வாங்குபவருக்கு: ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு, 50 சதவீதம் இருக்கிறது என்று புரோக்கர் ஆசை காட்டுவார். அது விற்பவரோடு போய்விடும், வண்டியோடு வராது. சேஸிஸ் நம்பரை வண்டியில் தேடிப்பிடித்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். எண்களைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயிண்டோ தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

மார்ச் 17

தம்பி வாங்கிவிட்டார். இரண்டுமில்லை, மூன்றாவதாக ஒன்று. 2015 பெட்ரோல், 78,000 கிமீ, ஓனர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். பில்கள் ஃபைலில் துளை போட்டுக் கோர்த்து வைத்திருந்தார், காற்றுப் பிடித்த தேதிகூட எழுதியிருந்தது. கிளட்ச் கனம், டயர் இரண்டு போச்சு, இடது கதவில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பதை அவரே சொன்னார். 3,90,000 கேட்டார், 3,62,000க்கு முடிந்தது. ஒரு லட்சத்துக்குக் கீழே என்பதால் மாமாவும் வந்து எலுமிச்சம்பழம் வைத்தார்.

செப்டம்பர் 8

இந்த இழை தூங்கிவிட்டது, ஆனால் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. தம்பியின் வண்டியில் மே மாதம் ஏசி நின்றுவிட்டது. கூலிங் காயிலில் லீக், டேஷ்போர்டு முழுக்கக் கழற்றி 10,800. தப்பு என்னுடையது. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலையிலேயே வண்டி பார்க்கச் சொன்னேன். அந்த நேரத்தில் கண்ணாடியை இறக்கினாலே ஜில்லென்றுதான் இருக்கும். ஏசியைப் பார்க்க மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி போக வேண்டும். வெயிலில் அரை மணி நிறுத்தி, நாலு பேர் உட்கார்ந்து. இதை நான் எட்டு வருட பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டும் சொல்லத் தவறினேன்.

2025 ஜனவரி 26

என் வண்டியை விற்றுவிட்டேன். மீட்டர் 2,19,000.

வாங்க வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியை. வயது முப்பது இருக்கும், கூட அப்பா. வந்ததும் பானட்டில் கை வைத்தார். "சார், சூடா இருக்கே?" காற்றுப் பிடிக்க பங்க் வரை போய் வந்தேன் என்றேன். நிஜமாகவே அதற்குத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த டீசல் வண்டிக்காரர் சொன்ன பால் பூத் ஞாபகம் வந்தது. "நாளைக்குக் காலையில ஆறரைக்கு வர்றோம், அதுவரை ஸ்டார்ட் பண்ணாம வைங்க சார்."

வந்தார்கள். முதல் ஸ்டார்ட்டில் பிடித்தது, மூடி நடுங்கியது, குதிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினேன், ஒவ்வொரு பில்லாகப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம். பிறகு அவர் ஒவ்வொரு கதவுக் கண்ணாடியின் மூலையிலும் குனிந்து எதையோ படித்துக்கொண்டே வந்தார். இடது பின் கதவில் நின்றார். மற்ற கண்ணாடிகளில் எல்லாம் ஒரே வருடக் குறி. இதில் மட்டும் இரண்டு வருடம் பிந்தியது. கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை அந்தக் கதவில் வைத்தார். கீழ்ப்பாதியில் நிற்காமல் நழுவியது. பெயிண்டுக்குக் கீழே பட்டி.

"இந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கு சார். எப்போ?"

எட்டரை வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். அதில் சாய்ந்து நின்று உங்களுக்கெல்லாம் போனில் பதில் தட்டியிருக்கிறேன். "முதல் ஓனரைத்தான் கேட்கணும்மா" என்றேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினைந்தாயிரம் குறைத்தார். கொடுத்துவிட்டேன். ஃபாஸ்டேக்கை மட்டும் அவர் கண் முன்னாலேயே பிளேடு போட்டுச் சுரண்டி எடுத்தேன்.